போட்டோஸ்டாட் எடுக்க அனுப்பும் மிஸ்ஸி

அவர் யாரையாவது கடைக்கு அனுப்பினால், அந்த ஆளின் வீட்டில் ஏதோ இருக்கிறது என்று பொருள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. கண்டுபிடித்தபோது அதை ஒரு வேடிக்கையாகத்தான் நினைத்தேன்.

ஈப்போவிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறிவிட்ட பழைய ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, எங்கள் ஊரின் அரசாங்கக் கிளினிக் இருக்கிறது. அங்கே குழந்தைகள் பிரிவில் அவர் தாதி. சட்டையில் பெயர் குத்தியிருந்தார். ஆனால் எல்லோருக்கும் அவர் மிஸ்ஸிதான். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். இருந்தாலும் அவருக்கு ஆண்கள் எல்லோரும் அண்ணே, பெண்கள் எல்லோரும் அக்கா. கடைவாய்ப் பல்லில் எப்போதும் ஒரு கிராம்பை அடக்கியிருப்பார். குழந்தையை எடைபார்க்கக் குனிந்தால் முதலில் அந்த வாசனைதான் வரும்.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. பல மாதங்களாக வயிற்றுவலி. வந்தால் சுருண்டு படுத்துவிடுவாள், சாப்பிட மாட்டாள். இரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் ஒன்றுமில்லை. எடை மட்டும் மூன்று கிலோ குறைந்திருந்தது. கிளினிக்கின் டாக்டர் இளம்பெண், பொறுமைசாலி. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பதாகவும், அங்கே தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்கள் என்றும் சொன்னார். அன்றிலிருந்து என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

எனக்குத் தெரிந்த வழி அதுதான். கையுறைத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. கையுறையில் தண்ணீரை நிரப்பித் தொங்கவிடுவோம். ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு வந்தாலும் ஒதுக்க வேண்டும். எதையும் எழுதி வைத்தால் காரணம் தானாக வெளியே வரும் என்பது என் நம்பிக்கை. தேதி, நேரம், என்ன சாப்பிட்டாள், பள்ளி உண்டா இல்லையா, வலி எவ்வளவு நேரம் இருந்தது என்று ஐந்து கட்டங்கள் போட்டுக்கொண்டேன்.

எனக்கு ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் பிற்பகல் ஷிப்ட். பிற்பகல் ஷிப்ட் வாரங்களில் மகளைக் கிளினிக்குக் கூட்டிப் போவோம். காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து அவரைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

நடைபாதையில் அவர் குரல் எட்டூருக்குக் கேட்கும். "அடுத்தது யாரு? ஓடி வாங்க லா, கல்யாண ஊர்வலமா இது?" என்பார். அறைக்குள் போனதும் அதே குரல் பாதியாகிவிடும். குழந்தையைத் தராசில் நிறுத்துவதற்குமுன் அதன் சிலிப்பரைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். நகத்தைப் பார்ப்பார். அதற்குப்பின் கேட்கும் கேள்விகளுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இருக்காது. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், யார் பக்கத்தில் படுக்கிறாய், ஸ்கூலிலிருந்து வந்தால் கதவை யார் திறப்பார்கள், நேற்று சோறு யார் ஆக்கியது.

ஒருமுறை ஒரு தகப்பன் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "மிஸ்ஸி, பிள்ளைக்கு இருமல். சோறு யாரு ஆக்குனா என்ன?"

"பிள்ள தனியா வராதுண்ணே. வீட்டையும் தூக்கிட்டுத்தான் வரும். நான் ரெண்டையும் நிறுக்கணும்," என்றார் அவர், சிரிக்காமல்.

பிறகுதான் கடைக்கு அனுப்பும் வேலை. குழந்தையோடு வருகிறவர்களில் ஒருவர் மட்டுமே பேசுவார் இல்லையா? டாக்டர் குழந்தையைக் கேட்டாலும் அவரே பதில் சொல்வார். தாயைக் கேட்டாலும் அவரே சொல்வார். மிஸ்ஸி அவரைத்தான் அனுப்புவார். "ஐயோ, ஐ.சி. காப்பி ஒண்ணு வேணுமே. எதிர்க் கடையில போட்டோஸ்டாட் எடுத்துட்டு வந்துருங்களேன்." சாலையைக் கடந்து, வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காப்பி எடுத்துத் திரும்பப் பத்து நிமிடமாவது ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில், வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த ஆளிடம் அவர் பேசிவிடுவார்.

நான் பார்த்த அளவில் மாமியார்களே அதிகம் போனார்கள். அடுத்தபடி கணவன்மார்கள். ஒரு மாமியார் திரும்பி வந்தபோது மருமகள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். மறுவாரம் அந்த மருமகள் குழந்தையோடு தனியாக வந்தாள், நிமிர்ந்து நடந்தாள். இன்னொரு நாள் ஒரு கணவன் கவுண்டரில் நின்று கத்தினான். "எங்க வீட்டு விஷயத்துல நீங்க எதுக்கு காச்சாவ் பண்றீங்க?" தொந்தரவு செய்வதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். மிஸ்ஸி அமைதியாகத்தான் பதில் சொன்னார். ஆனால் மேசைக்கடியில் அவர் ஒரு கையால் மறு கையைப் பிடித்திருந்ததை நான் பெஞ்சிலிருந்து பார்த்தேன்.

அவர் தவறியதையும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். தோட்டத்தை விற்ற பிறகும் போக இடமில்லாமல் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகளில் தங்கிவிட்ட குடும்பங்களில் ஒன்று. ஐந்து வயதுப் பையன், உடம்பெல்லாம் சிரங்கு. மருந்து போட்டால் ஆறும், மறுமாதம் திரும்பும். கூட்டி வந்தது அவன் பெரியம்மா. அந்த அம்மாள் அதட்டித்தான் பேசுவார். மிஸ்ஸி அவரைப் போட்டோஸ்டாட் எடுக்க அனுப்பினார். கடையில் கூட்டமில்லை போலும், சீக்கிரம் திரும்பிவிட்டார். உள்ளே பையன் அழுதுகொண்டிருந்தான், மிஸ்ஸி அவன் முதுகைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"நான் அடிச்சிருப்பேன்னு பாக்குறீங்களா? இவன் ஆத்தா போனதுலேர்ந்து இவன வெச்சிருக்கறது நான். எங்க லயத்துக்குத் தண்ணி லோரி வாரத்துக்கு ரெண்டு நாளுதான் வருது. அதக் கேட்டீங்களா நீங்க?"

மருந்தை வாங்காமலே பையனைத் தூக்கிக்கொண்டு போனார். மிஸ்ஸி வாசல்வரை ஓடினார். அன்று மீதி நேரமெல்லாம் நடைபாதையில் அவர் குரல் கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் பெரியம்மாவும் பையனும் பெஞ்சில் இருந்தார்கள். எப்படி வந்தார்கள் என்று மிஸ்ஸியிடம் கேட்டேன். "லீவு நாள்ல மோட்டார் சைக்கிள்ல அவங்க லயத்துக்குப் போனேன். மூணு தடவ கதவு திறக்கல. நாலாவது தடவ உக்கார பலகை போட்டாங்க," என்றார். தண்ணீர் லாரிக்காக யாருக்கெல்லாமோ போன் செய்துகொண்டிருந்தார் என்பது மருந்துக் கவுண்டரில் பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்தது. அதைப் பற்றி அவராக ஒன்றும் சொல்லவில்லை. "அன்னைக்குத் தப்பான ஆளக் கடைக்கு அனுப்பிட்டேண்ணே," என்று மட்டும் சொன்னார்.

இதே காலத்தில்தான் இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. கிளினிக் அட்டைகள் சிலவற்றின் வலது மூலையில் சின்னதாக ஒரு பென்சில் புள்ளி இருந்தது. கடைக்குப் போனவர்களின் அட்டைகளில் எல்லாம் இருந்தது. ஒருநாள் என் மகளின் அட்டையைக் கையில் வாங்கினேன். அதே மூலையில் ஒரு புள்ளி.

"இது என்ன மிஸ்ஸி?"

"எது? ஓ, பென்சில் பட்டிருக்கும்ணே." அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பென்சில் படவில்லை. குறைகளைத் தேடுவதே என் தொழில்; தவறிப் பட்டதற்கும் வைத்ததற்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். அன்று வேலையில் என் கவனம் சரியாக இல்லை. என் வீட்டில் என்ன இருக்கிறது? நான் குடிப்பதில்லை. சூதாடுவதில்லை. வீட்டில் மாமியார் இல்லை. மனைவி பள்ளிக் கேண்டீனில் காலை வேலை பார்த்துவிட்டு மகளோடு வீடு திரும்பிவிடுகிறாள். ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றுமில்லை என்று முடிவு செய்தேன். அப்படியும் மனம் அடங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து நாங்கள் மூவரும் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். டாக்டர், பெரிய ஆஸ்பத்திரிக்கான கடிதத்தைக் கொடுத்திருந்தார். நான் நோட்டைத் திறந்து, எந்தெந்த நாட்களில் வலி வந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸி மகளிடம், "வலி எப்படிம்மா இருக்கும், குத்துதா, பிசையுதா?" என்றார்.

"பிசையும் மிஸ்ஸி. தொப்புளுக்கு மேல," என்றேன் நான்.

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். "அண்ணே, ஐ.சி. காப்பி ஒண்ணு வேணும். எதிர்க் கடையில—"

இப்போது என் முறை என்று புரிந்தது. ஆனால் கை தானாக ஆவணக் கோப்பைத் திறந்தது. "இருக்கு மிஸ்ஸி. ரெண்டு காப்பி."

"பிள்ளையோட பிறப்புப் பத்திரம்?"

"அதுவும் இருக்கு. ரெண்டு."

"தடுப்பூசி புத்தகம்?"

எடுத்து வைத்தேன். என் மனைவி தலை குனிந்துகொண்டாள். மிஸ்ஸி ஒரு நிமிடம் அந்தக் காகிதங்களைப் பார்த்தார். பிறகு, "சரிண்ணே. அப்ப எனக்கு ஒரு கோப்பி ஓ வாங்கிட்டு வாங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கல," என்றார்.

சாலையைக் கடந்தேன். மூலையில் மாமாக் கடை, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் தேநீர்க் கடை. கடைக்காரர் ஊருக்கெல்லாம் பாய். கறுப்புக் கோப்பி ஒன்று, கட்டிக் கொடுங்கள் என்றேன்.

"யாருக்குண்ணே, மிஸ்ஸிக்கா?"

"ஆமா."

"எப்பவும் பக்கத்துப் போட்டோஸ்டாட் கடைக்குத்தானே ஆள் வரும்?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கோப்பியைப் பையில் ஊற்றாமல் கிளாசில் ஊற்றி ஓரமாக வைத்தார். "உக்காருங்க. நல்ல சூடு, கொஞ்சம் ஆறட்டும்."

"அவங்களுக்கு நேரமாகும் பாய்."

"அவங்களுக்கு இது வேணாம்ணே. அவங்க கோப்பியே குடிக்க மாட்டாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். எதிரே கிளினிக்கின் கண்ணாடிக் கதவு தெரிந்தது. அதற்குப் பின்னால் என் மகள் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இருக்கும் என்று அதுவரை நினைத்ததே இல்லை.

திரும்பியபோது மகள் கையில் ஒரு பிஸ்கட் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மனைவியின் கண் சிவந்திருந்தது. மிஸ்ஸி இருவரையும் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை எதிரில் உட்கார வைத்தார். "உங்க நோட்டக் குடுங்கண்ணே."

பென்சிலை எடுத்து முதல் வாரத்தைத் தொட்டார். நான்கு நாள் வலி. "இந்த வாரம் எந்த ஷிப்ட்?"

"காலை."

அடுத்த வாரம். வலி இல்லை. "இது?"

"பிற்பகல்."

மூன்றாவது வாரத்துக்குப் பென்சில் போவதற்குள் நான் பார்த்துவிட்டேன். காலை ஷிப்ட் என்றால் நான் மூன்றரை மணிக்கு வீட்டில் இருப்பேன். நோட்டில் நான் எழுதியிருந்த நேரங்கள் மூன்று பத்து, மூன்று இருபது, மூன்றேகால். என் சொந்தக் கையெழுத்து, கட்டம் கட்டமாக. ஐந்து கட்டங்களில் நான் எங்கே இருந்தேன் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

"நான் அடிக்கிறவன் இல்ல மிஸ்ஸி. சத்தம்கூடப் போடமாட்டேன்."

"தெரியும்ணே. அடிச்சிருந்தா நான் உங்கள கோப்பி வாங்க அனுப்பியிருக்க மாட்டேன். வேற ஆளுக்குப் போன் போட்டிருப்பேன்." குரலை இன்னும் தாழ்த்தினார். "கிரில் கதவுல நீங்க சாவி போடுற சத்தம் இருக்குல்ல, அதுக்கு முன்னாடியே மணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காளாம். ஷூவக் கழட்டிக்கிட்டே வாய்ப்பாடு கேப்பீங்களாம். பாடப் புத்தகத்துல ஓரம் கோணலா இருந்தா அழிச்சி எழுதச் சொல்லுவீங்களாம். தண்ணி போத்தலக் கவுத்துப் பாப்பீங்களாம். அப்பா மெதுவாத்தான் சொல்லுவாருன்னு சொன்னா. மெதுவா சொல்லும்போதுதான் ரொம்பப் பிசையுதாம்."

நான் நோட்டிலிருந்த அந்த நேரங்களை மறுபடி படித்தேன்.

"இத உங்க கிட்டச் சொல்லலாமான்னு அவளக் கேட்டேன். சொல்லுங்க, ஆனா அப்பா நோட்டுல எழுதக்கூடாதுன்னு சொன்னா."

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். பெரிய ஆஸ்பத்திரி அப்பாயின்மென்ட்டை ரத்து செய்யப்போவதில்லை என்றார். "நான் தப்பா இருக்கலாம்ணே. அவங்களும் பாக்கட்டும். அதுவரைக்கும் வீட்டுக்குப் போனா அரை மணி நேரம் எதையும் சரி பண்ணாதீங்க. கண்ணுல பட்டா படட்டும். வாயில வரக்கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவருக்குச் சொல்வது சுலபம். முதல் நாள் பள்ளிக் காலணி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதைத் தாண்டிப் போவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. சமையலறையில் போய் நின்றேன். மேசையில் மைலோ சிந்தியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். மகள் அறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். எனக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்திருப்பாள். என் மனைவியும் நானும் அன்று நிறையப் பேசினோம். "உங்களுக்குப் பயந்து நானும் மூணு மணிக்கே மேசையத் தொடைப்பேங்க," என்றாள். திருமணமாகிப் பதினொரு ஆண்டுகளில் அதை அவள் சொன்னதே இல்லை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு காலை ஷிப்ட் வாரங்களிலும் வலி இல்லை. எடை அரைக் கிலோ கூடியிருந்தது. அடுத்த முறை கிளினிக்கில் நானே முந்திக்கொண்டு சொன்னேன். "ஒரு நாள்கூட வலி வரல மிஸ்ஸி."

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மகளின் சிலிப்பரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வலி இல்லன்னு யாரு சொன்னா? அவளா, நீங்களா?"

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாடி வலிச்சா யாருகிட்டச் சொல்லுவா?"

"அம்மாகிட்ட," என்றேன்.

"இப்ப?"

அதுவரை அந்த நோட்டில் நான் எழுதியது ஒவ்வொன்றும் மனைவி வந்து சொல்லி எழுதியது. இப்போது வலி நின்றுவிட்டதா, அல்லது நான் பாடுபடுவதைப் பார்த்து இருவரும் சொல்வதை நிறுத்திவிட்டார்களா? அதை நான் நேரே கேட்க முடியாது. கேட்டால் எனக்கு எந்தப் பதில் பிடிக்குமோ அதைத்தான் அவள் சொல்வாள். அவ்வளவு நன்றாக நான் அவளைப் பழக்கியிருந்தேன்.

"கேக்காதீங்கண்ணே. இருங்க," என்றார் மிஸ்ஸி. அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். அடுத்த மாதம் போனபோது அந்த மேசையில் வேறொருவர் இருந்தார். தெலுக் இந்தானுக்கு மாற்றலாகிவிட்டார் என்று பாய்தான் சொன்னார். "இனிமே பக்கத்துக் கடைக்காரனுக்கு வியாபாரம் படுத்துரும்ணே," என்று சிரித்தார். புதிய தாதி மரியாதையானவர், வேகமானவர். அட்டையில் புள்ளி வைப்பதில்லை. வலி உண்டா இல்லையா என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியிலும் நன்றாகப் பார்த்தார்கள். குழாய் விட வேண்டாம், எடை கூடுகிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு வேண்டிய பதில் அவர்களிடம் இல்லை.

அதன்பின் எத்தனை வாரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எழுதி வைக்காததால் தெரியவில்லை. காலை ஷிப்ட் வாரம், வெளியே மழை தொடங்கியிருந்தது. மனைவி பின்னால் துணி எடுக்க ஓடினாள். நான் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். மகள் மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பென்சில் நின்றது எனக்குக் கேட்டது. நான் திரும்பவில்லை. நாற்காலி நகர்ந்தது. அம்மாவைத் தேடிப் பின்னால் போகிறாள் என்று நினைத்தேன்.

என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா."

"ம்."

"வயிறு வலிக்குதுப்பா."

பயமும் சந்தோஷமும் ஒன்றாக எழுந்தன. எது முதலில் என்று பிரிக்க முடியவில்லை. கிளாசைக் கீழே வைத்தேன். "எங்கம்மா?" என்றேன்.

அவள் சொல்லவில்லை. என் வலது கையைப் பிடித்து இழுத்து, சட்டைக்கு மேலேயே இடது விலாவுக்குக் கீழே வைத்தாள். நான் எத்தனையோ பேரிடம் தொப்புளுக்கு மேல் என்று விளக்கமாகச் சொல்லி வந்த இடம் அதுவல்ல. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.